கூகுள் கிளவுடில் கேட்பாரற்றுக் கிடக்கும் பாக்கெட் மிரரிங் பாலிசிகளை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொஞ்சம் பழைய கூகுள் கிளவுட் கணக்கைத் துழாவிப் பார்த்தால் எப்போதோ போட்ட பாக்கெட் மிரரிங் பாலிசி ஒன்றிரண்டு அகப்படும். சர்வர்களின் நெட்வொர்க் போக்குவரத்தை நகலெடுத்து, ஆய்வு செய்யும் இன்னொரு இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஊடுருவல் சந்தேகம் வந்தபோது அவசரமாகப் போட்டிருப்பார்கள். அல்லது புதிய பாதுகாப்புக் கருவியைச் சோதித்துப் பார்க்க விற்பனையாளர் கேட்டிருப்பார். வேலை முடிந்ததும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், பாலிசி தங்கிவிடும். பெயரும் 'டெஸ்ட்-மிரர்-2' என்கிற மாதிரி இருக்கும். தொடவும் பயம், விட்டுவைக்கவும் மனமில்லை.

நீக்குவதற்கான கட்டளை ஒரே வரிதான். அந்த வரிக்கு முன்னால் செய்ய வேண்டியதில்தான் வேலையெல்லாம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மிரரிங் பாலிசி பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நகலை வாங்குகிற முனையில்தான் அதற்கான தடயம் இருக்கும். கன்சோல் திரையை மட்டும் பார்த்துவிட்டு 'இது யாருக்கும் தேவையில்லை' என்று முடிவெடுப்பது ஆபத்து.

எதை நீக்கப் போகிறோம்

பாக்கெட் மிரரிங் பாலிசிக்கு இரண்டு முனைகள். ஒரு பக்கம் நகல் எடுக்கப்படும் விஎம்கள், அதாவது கிளவுடில் ஓடும் மெய்நிகர் கணினிகள். நெட்வொர்க்கின் ஒரு பகுதியான சப்நெட்டைச் சொல்லியோ, விஎம்மில் ஒட்டிய நெட்வொர்க் டேக்கைச் சொல்லியோ, விஎம்களைப் பெயர் பெயராகச் சொல்லியோ அவற்றைக் குறிக்கலாம். ஒரு பாலிசியில் அதிகபட்சம் 5 சப்நெட், 5 டேக், 50 விஎம். மறுபக்கம் நகலை வாங்கும் கலெக்டர். இது நேரடியாக ஒரு விஎம் அல்ல. மிரரிங்குக்கென்றே குறியிடப்பட்ட ஃபார்வர்டிங் ரூல் (வரும் போக்குவரத்தை எங்கே அனுப்புவது என்ற விதி) கொண்ட இன்டர்னல் லோட் பேலன்சர், அதாவது உள் நெட்வொர்க்கில் போக்குவரத்தைப் பல விஎம்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. அதற்குப் பின்னால் ஒரு இன்ஸ்டன்ஸ் குரூப் (விஎம்களின் தொகுப்பு), அதற்குள் சூரிகாட்டா, ஜீக் போன்ற போக்குவரத்தை ஆராயும் மென்பொருள் ஏதோ ஒன்று ஓடும். நடுவில் ஒரு வடிகட்டி: எந்த முகவரி வரம்பு, எந்த நெறிமுறை, உள்ளே வருவதா வெளியே போவதா என்று அதில் இருக்கும். எதுவும் குறிப்பிடாவிட்டால் ஐபிவி4 போக்குவரத்து முழுவதும் நகலாகும்.

நகல் எடுப்பது நெட்வொர்க்கில் நடப்பதில்லை, அந்தந்த விஎம்மில் நடக்கிறது. அதனால் நகலும் அந்த விஎம்மின் பேண்ட்விட்தையே தின்னும். கலெக்டர் வேறு சோனில் (ரீஜியன் என்னும் வட்டாரத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு) இருந்தால் சோன் தாண்டும் டேட்டாவுக்கு வேறு கட்டணம். கலெக்டர் விஎம்களுக்கு, லோட் பேலன்சருக்கு, மிரரிங்கில் கையாளப்படும் டேட்டா அளவுக்கு என்று பில் நான்கைந்து தலைப்புகளில் சிதறி வருவதால் 'மிரரிங்குக்கு மாதம் இவ்வளவு' என்று யார் கண்ணிலும் ஒரே எண்ணாகப் படாது.

பணத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நகலில் தலைப்புகள் மட்டுமல்ல, உள்ளடக்கமும் அப்படியே போகிறது. உள் சேவைகளுக்கு இடையே குறியாக்கம் இல்லாத எச்டிடிபி ஓடுகிற இடம் இன்னும் எத்தனையோ. பேட்ச் போடாமல், யாரும் லாகின் செய்யாமல் கிடக்கும் கலெக்டர் விஎம் ஒன்றை எவனாவது பிடித்துவிட்டால், உற்பத்தி சர்வர் எதையும் தொடாமலேயே டேட்டாபேஸ் பதில்களை உட்கார்ந்து படிக்கலாம்.

முதல் படி: பட்டியல்

ஒரு ப்ராஜெக்டில் இருப்பதைப் பார்க்க:

ஜிகிளவுட் கம்ப்யூட் பாக்கெட்-மிரரிங்ஸ் லிஸ்ட்

இது நடப்பு ப்ராஜெக்டை மட்டும் காட்டும். நிறுவனம் முழுவதையும் பார்க்க கிளவுட் அசெட் இன்வென்ட்டரியில் பாக்கெட் மிரரிங் என்ற அசெட் வகையைத் தேடுங்கள்; நூறு ப்ராஜெக்ட் இருந்தாலும் ஒரே தேடலில் வந்துவிடும். மூடப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ப்ராஜெக்டிலிருந்தும் ஏதாவது எட்டிப் பார்க்கும், ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கூகுளில் மிரரிங் செய்ய இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. நெட்வொர்க் ஃபயர்வால் பாலிசிக்குள்ளேயே மிரரிங் ரூல் எழுதி, மிரரிங் எண்ட்பாயிண்ட் குரூப்புக்கு அனுப்புவது அது. அவை மேலே சொன்ன பட்டியலில் வராது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி பழைய வகை பாக்கெட் மிரரிங் பாலிசிகளைப் பற்றியது. புதிய வகைக்கும் யோசிக்கும் முறை அதேதான், கட்டளைகள் மட்டும் வேறு.

பட்டியல் கிடைத்ததும் ஒவ்வொன்றையும் டிஸ்க்ரைப் செய்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை: எனேபிள் என்ற வரியில் ட்ரூவா ஃபால்ஸா, கலெக்டர் ஃபார்வர்டிங் ரூல் எந்த ப்ராஜெக்டில் இருக்கிறது, மூலங்கள் எவை, வடிகட்டி என்ன, ப்ரையாரிட்டி எவ்வளவு. கலெக்டர், பியரிங் செய்யப்பட்ட (உங்கள் நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்கப்பட்ட) வேறு நெட்வொர்க்கில், வேறு ப்ராஜெக்டில் இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் பேச வேண்டிய ஆள் வேறு குழுவில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாம் படி: உண்மையிலேயே யாரும் கேட்கவில்லையா

'பயன்படாத பாலிசி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோம். அதில் நான்கு ரகம் உண்டு, நான்கையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

முதல் ரகம் ஏற்கெனவே அணைக்கப்பட்டது. எனேபிள் ஃபால்ஸ் என்றிருக்கும். யாரோ ஒருவர் பாதி வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். யார் என்ன மாற்றினார் என்பதைப் பதியும் ஆடிட் லாக்கில் எப்போது அணைத்தார் என்று பார்த்துக்கொண்டால் போதும், இதுதான் இருப்பதிலேயே சுலபம்.

இரண்டாவது, பாலிசி இயங்குகிறது, ஆனால் அதற்குப் பொருந்தும் விஎம் ஒன்றுகூட இல்லை. டேக் வைத்து எழுதிய பாலிசிகள் இப்படி ஆவது சகஜம். நெட்வொர்க் டேக் என்பது வெறும் எழுத்துச் சரம். விஎம்கள் எல்லாம் போன பிறகும் பாலிசி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நாளைக்கு யாராவது ஒரு புதிய விஎம்முக்குத் தற்செயலாக அதே டேக்கைப் போட்டால் அந்த நிமிடமே நகல் போக ஆரம்பிக்கும். சப்நெட் வைத்து எழுதியதும் அப்படித்தான்: இன்று காலியாக இருக்கும் சப்நெட்டில் இனி வரப்போகும் விஎம்களுக்கும் அது பொருந்தும். ஆக, இன்று செலவில்லை என்பதற்காக இந்த ரகத்தை விட்டுவைக்க வேண்டாம்.

மூன்றாவது ரகம்தான் காசைக் கரைப்பது. பாக்கெட்டுகள் கலெக்டருக்குப் போய்ச் சேர்கின்றன, அங்கே படிப்பதற்கு எதுவும் ஓடவில்லை. இதைக் கன்சோலில் கண்டுபிடிக்க முடியாது. கலெக்டர் விஎம்முக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். டெபியன், உபுண்டு இமேஜ்களில் முதல் இன்டர்ஃபேசின் பெயர் பெரும்பாலும் இஎன்எஸ்4. அதில் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, கலெக்டரின் சொந்த முகவரி சம்பந்தப்பட்ட பாக்கெட்டுகளை 'நாட் ஹோஸ்ட்' போட்டு விலக்கிவிடுங்கள். மிரர் செய்யப்பட்ட பாக்கெட்டுகள் தங்கள் அசல் மூல முகவரியோடும் அசல் சேரிட முகவரியோடும் வருகின்றன. ஆகவே கலெக்டருக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு முகவரிகள் பேசிக்கொள்வது திரையில் ஓடினால் நகல் வந்துகொண்டிருக்கிறது. அடுத்து, ஐடிஎஸ் (ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்) ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சூரிகாட்டா என்றால் அது லாக் எழுதும் ஈவ் ஜேசன் கோப்பு கடைசியாக எப்போது எழுதப்பட்டது? அந்தக் கோப்பை வெளியே எடுத்துச் செல்லும் ஏஜென்ட் ஓடுகிறதா? டிஸ்க் நிரம்பி மாதக்கணக்காக எதுவும் எழுதப்படாமல் நிற்கும் கலெக்டரும், டிசிபிடம்பில் மட்டும் பாக்கெட்டுகள் மழையாகக் கொட்டும் கலெக்டரும் அரிதல்ல.

நான்காவது ரகம் பொறி. எல்லாம் ஓடுகிறது, லாக் எழுதப்படுகிறது, ஆனால் ஆறு மாதமாக ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. இதைப் 'பயன்படாதது' என்று எழுதிவிடாதீர்கள். அசம்பாவிதம் நடக்காத வரை அமைதியாக இருப்பதுதான் ஐடிஎஸ்ஸின் வேலை. கார்டு விவரங்கள் கையாளும் சூழல் என்றால் கார்டு தகவல் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1-இன் 11.5.1 விதி, அந்தச் சூழலின் எல்லையிலும் முக்கியமான இடங்களிலும் போக்குவரத்தை ஊடுருவல் கண்டறியும் முறைகளால் கண்காணிக்கச் சொல்கிறது. அந்த விதிக்கான ஆதாரமாக ஆடிட்டரிடம் காட்டப்படுவது இந்த அமைதியான பாலிசியாகவே இருக்கலாம்.

மானிட்டரிங் எண்களும் உதவும். மிரர்ட் பைட்ஸ், மிரர்ட் பாக்கெட்ஸ், ட்ராப்ட் பாக்கெட்ஸ் என்று கம்ப்யூட் எஞ்சின் மெட்ரிக்குகள் உள்ளன. ஆனால் அவற்றை நம்புவதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. அவை விஎம் வாரியாக எண்ணப்படுபவை. ஒரே விஎம் இரண்டு பாலிசிகளில் வந்தால் எந்தப் பாலிசிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. அப்புறம், கூகுள் கிளவுட் மெட்ரிக்குகள் 6 வாரம் வரைதான் சேமிப்பில் இருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் வேலைக்காகப் போட்ட பாலிசி 6 வார வரைபடத்தில் செத்த கோடாகத்தான் தெரியும்.

மூன்றாம் படி: யாருடையது

ஆடிட் லாக்கில் பாக்கெட்மிரரிங்ஸ் இன்சர்ட் என்று முடியும் மெத்தட் பெயரைத் தேடுங்கள். அட்மின் ஆக்டிவிட்டி லாக் 400 நாள் வரை தானாகவே வைக்கப்படும். அதற்குள் போட்டிருந்தால் உருவாக்கியவரின் மின்னஞ்சல் கிடைத்துவிடும். ஆள் வேலையை விட்டுப் போயிருந்தாலும் அவர் எந்தக் குழுவில் இருந்தார் என்பது தெரிந்தால் போதும். 400 நாளுக்கு முந்தையது என்றால் கிட் (கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) வரலாறு, பழைய டிக்கெட், கலெக்டர் விஎம்மின் லேபிள்கள், பில்லிங் லேபிள்கள் என்று தேட வேண்டியதுதான்.

குழுவைக் கண்டுபிடித்ததும் கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'இந்தப் பாலிசி உங்களுக்கு வேண்டுமா?' என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், பொறுப்பை ஏற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. 'வரும் செவ்வாய் காலை 11 மணிக்கு இதை அணைக்கிறோம். நீக்கவில்லை, அணைக்க மட்டும். இதிலிருந்து உங்களுக்கு வரும் தகவல் எந்த டாஷ்போர்டில் தெரியும், அதைப் பார்ப்பவர் யார்?' என்று கேளுங்கள். டாஷ்போர்டின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அதுவே பாதி பதில்.

பாதுகாப்பு, இணக்கம், நெட்வொர்க் ஆகிய மூன்று குழுக்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்டில் ஒரு கட்டைவிரல் போதாது, டிக்கெட்டில் இருக்கட்டும். விசாரணை ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதா என்று சட்டப் பிரிவிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை கை வைக்க வேண்டாம்.

நான்காம் படி: திரும்பிப் போக வழி

நீக்கிய மிரரிங் பாலிசியை மீட்கும் பொத்தான் எதுவும் கிடையாது. மறுபடியும் வேண்டுமென்றால் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். அதனால் டிஸ்க்ரைப் கட்டளையின் வெளியீட்டை யாமல் என்ற உரை வடிவில் கோப்பாக எடுத்து கிட்டில் போட்டுவிடுங்கள். பாலிசி மட்டும் போதாது. ஃபார்வர்டிங் ரூல், பேக்எண்ட் சர்வீஸ், ஹெல்த் செக் (விஎம் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை), இன்ஸ்டன்ஸ் டெம்ப்ளேட் (விஎம்களை உருவாக்கும் அச்சு), சம்பந்தப்பட்ட ஃபயர்வால் ரூல்கள் எல்லாவற்றையும் எடுங்கள். பாலிசியை மட்டும் வைத்துக்கொண்டு கலெக்டர் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமல் நிற்பது அவசர நேரத்தில் பெரிய தொல்லை.

அந்தக் கோப்பிலிருந்து உருவாக்கும் கட்டளையையும் இப்போதே எழுதி, டிக்கெட்டில் ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாமலைப் பார்த்துக் கட்டளையின் ஒவ்வொரு கொடியாக (ஃபிளாக்) யாரும் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஐந்தாம் படி: அணைத்துவிட்டுக் காத்திருத்தல்

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் பாதுகாப்பு என்பது இந்தப் படியில்தான் இருக்கிறது. அப்டேட் கட்டளையோடு நோ-எனேபிள் என்ற கொடியைப் போட்டால் பாலிசி அணையும். கன்சோலிலும் டிசேபிள் இருக்கிறது. அமைப்பு முழுவதும் அப்படியே இருக்கும், நகல் மட்டும் நிற்கும். யாராவது அலறினால் ஒரு நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடலாம். மிரரிங் எடுப்பது நகலைத்தான் என்பதால் அணைக்கும்போது உற்பத்திப் போக்குவரத்து நிற்காது, இணைப்புகள் துண்டிக்கப்படாது, விஎம்மை ரீஸ்டார்ட் செய்யவும் தேவையில்லை.

அணைப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே விஎம்களுக்குப் பொருந்தும் வேறு பாலிசி இருக்கிறதா? ஒரு விஎம்முக்கு இரண்டு பாலிசிகள் சமமாகப் பொருந்தும்போது ப்ரையாரிட்டி எண் குறைவாக உள்ளது ஜெயிக்கும். எண் 0 முதல் 65535 வரை. எதுவும் கொடுக்காவிட்டால் 1000. எண் குறைந்த பாலிசியை நீங்கள் அணைத்தால் அது பிடித்துவைத்திருந்த போக்குவரத்து அடுத்த பாலிசிக்குப் போகும். அதுவரை நிம்மதியாக இருந்த இன்னொரு குழுவின் கலெக்டரில் திடீரென்று வெள்ளம். 'நாங்கள் எதையும் புதிதாகப் போடவில்லையே, அணைக்கத்தானே செய்தோம்' என்று நீங்கள் குழம்புவீர்கள், அவர்களும் குழம்புவார்கள். பட்டியலில் ஒரே நெட்வொர்க், ஒரே ரீஜியன் பாலிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூலங்களையும் வடிகட்டிகளையும் ஒப்பிட்டால் இதை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

அணைத்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சம்பந்தப்பட்ட விஎம்களில் மிரர்ட் பைட்ஸ் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். கலெக்டரில் ஓடிக்கொண்டிருந்த டிசிபிடம்ப் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் வேறு ஏதோ பாலிசியும் அதே கலெக்டரைப் பயன்படுத்துகிறது. பட்டியலுக்குத் திரும்புங்கள்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? சோதனைச் சூழல் என்றால் ஒரு வாரம் போதும். உற்பத்திச் சூழலில் குறைந்தது ஒரு மாத முடிவாவது கடந்து போகட்டும். மாதாந்திர அறிக்கை தயாரிப்பவர் அப்போதுதான் தன் டாஷ்போர்டைத் திறப்பார். இணக்கச் சம்பந்தம் இருந்தால் காலாண்டு முடிவு வரை. இத்தனை நாள் எதற்கு என்று மேலாளர் கேட்டால், அணைந்த பாலிசிக்கு மிரரிங் கட்டணம் இல்லை, காத்திருப்பில் மிஞ்சுவது கலெக்டர் செலவு மட்டும்தான் என்று சொல்லுங்கள். அது உறுத்தினால் இன்ஸ்டன்ஸ் குரூப்பின் அளவைக் குறைத்து வைக்கலாம். விஎம் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் இருந்தால் அதன் குறைந்தபட்ச எண்ணையும் சேர்த்துக் குறையுங்கள், இல்லாவிட்டால் அது பழைய அளவுக்குத் தூக்கிவிடும்.

ஆறாம் படி: நீக்குதல்

காத்திருப்பு முடிந்தது, யாரும் கேட்கவில்லை. சரி, இனி நீக்கலாம்.

ஜிகிளவுட் கம்ப்யூட் பாக்கெட்-மிரரிங்ஸ் டிலீட் பாலிசிபெயர் --ரீஜியன்=ஏசியா-சவுத்1

ரீஜியனை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஏசியா-சவுத்1 என்பது மும்பை, ஏசியா-சவுத்2 டெல்லி. பாலிசிகள் ரீஜியன் வாரியானவை என்பதால் இரண்டிலும் ஒரே பெயரில் ஒவ்வொரு பாலிசி இருக்க முடியும். பேரிடர் மீட்புக்காக ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவர்கள் அப்படித்தான் பெயர் வைத்திருப்பார்கள். வித்தியாசம் கடைசி எண் மட்டும். டிலீட் கட்டளை அடித்ததும் ப்ராஜெக்ட், ரீஜியன் விவரத்தோடு ஒரு உறுதிக் கேள்வி வரும். அதைப் படியுங்கள். கொயட் கொடி போட்டு அந்தக் கேள்வியை அடக்கிவிட்டு, லூப் எழுதி மொத்தமாக நீக்கும் ஸ்கிரிப்ட்டுகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். பத்துப் பாலிசி இருந்தால் பத்து முறை அடிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி வைக்கும் டெர்ராஃபார்மில் எழுதிய பாலிசி என்றால் கட்டளை வழியாகவோ கன்சோல் வழியாகவோ நீக்கக் கூடாது. நீக்கினால் அடுத்த முறை யாராவது வேறு எதற்கோ பிளான் ஓட்டும்போது, 'பிளான்: 1 டு ஆட், 0 டு சேஞ்ச், 0 டு டெஸ்ட்ராய்' என்று வரும். அவர் தன் மாற்றத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறது என்று நினைத்து அப்ளை கொடுப்பார், செத்த பாலிசி உயிர்த்தெழும். கோடில் அந்த ரிசோர்ஸ் பகுதியை எடுத்து, பிளானில் டெஸ்ட்ராய் எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்தது மட்டும்தானா என்று பார்த்து, ரிவ்யூ வாங்கி, பிறகு அப்ளை செய்யுங்கள். மாட்யூல் ஒன்றுக்குள் ஒளிந்திருந்தால், அந்த மாட்யூலை வேறு எந்தச் சூழல்கள் அழைக்கின்றன என்று தேடிய பிறகே கை வையுங்கள்.

ஏழாம் படி: பின்னால் மிச்சமிருப்பவை

பாலிசி போனதும் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். பில் அப்படியே வந்துகொண்டிருக்கும். பாலிசி வெறும் குறிப்புதான், காசு தின்பது அதன் பின்னால் நிற்கும் கலெக்டர்.

பிரிக்கும் வரிசை இது: ஃபார்வர்டிங் ரூல், பேக்எண்ட் சர்வீஸ், ஹெல்த் செக், இன்ஸ்டன்ஸ் குரூப், டெம்ப்ளேட். வரிசை மாறினால் 'இந்த ரிசோர்ஸ் வேறொன்றால் பயன்படுத்தப்படுகிறது' என்ற பிழை வரும். அந்தப் பிழையை எரிச்சலாகப் பார்க்காமல் தகவலாகப் பாருங்கள். ஃபார்வர்டிங் ரூலை நீக்கும்போது அது வந்தால், நீங்கள் அறியாத இன்னொரு மிரரிங் பாலிசி அதே ரூலைச் சுட்டுகிறது என்று பொருள். அங்கேயே நின்று அதைக் கண்டுபிடியுங்கள். மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப் என்றால் விஎம்களைத் தனித்தனியாக நீக்கிப் பயனில்லை, குரூப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கும்; குரூப்பையே நீக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள். பூட் டிஸ்க் வழக்கமாக விஎம்மோடு சேர்ந்து அழிந்துவிடும். பிடித்து வைத்த பாக்கெட் கோப்புகளும் ஐடிஎஸ் லாக்குகளும் அதில்தான் இருக்கின்றனவா, வெளியே எங்கேயும் போகவில்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஐடிஎஸ் லாக்குகளை எடுத்து ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டில் போட்டு, காலாவதி விதியும் வைத்துவிட்டால் கவலையில்லை. ஆனால் பாக்கெட் பிடிப்புகளைக் காலவரையறை இல்லாமல் சேர்த்து வைப்பதும் தவறு. அதில் வாடிக்கையாளர் தகவல் இருக்கும்.

ஃபயர்வால் ரூல்களில் ஒரு கண்ணி உண்டு. கலெக்டருக்காகப் போட்ட ரூல்களில் 35.191.0.0/16, 130.211.0.0/22 என்ற இரண்டு வரம்புகளை அனுமதிக்கும் ஒன்று இருக்கும். பெயர் 'மிரர்-ஹெல்த்செக்' என்றுகூட இருக்கலாம். அவை கூகுளின் ஹெல்த் செக் புறப்படும் வரம்புகள். அந்த ரூல் குறிப்பிட்ட டேக்குக்கு மட்டுமில்லாமல் நெட்வொர்க் முழுவதற்கும் பொருந்துவதாக எழுதப்பட்டிருந்தால், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற லோட் பேலன்சர்களின் ஹெல்த் செக்கும் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். பெயரைப் பார்த்து நீக்கினால் சம்பந்தமில்லாத உற்பத்திச் சேவைகள் 'அன்ஹெல்தி' ஆகும். மிரரிங்கை எடுக்கும் இந்த முழு வேலையிலும் உற்பத்தியை நிஜமாகவே வீழ்த்தக்கூடிய இடம் இது ஒன்றுதான். ரூலின் டார்கெட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் லாகிங்கை இயக்கி வேறு யாருக்கு அது பொருந்துகிறது என்று பாருங்கள்.

கலெக்டருக்குப் பதில் கூகுளே நடத்தும் கிளவுட் ஐடிஎஸ் சேவையைப் பயன்படுத்தியிருந்தால் பாலிசி அதன் எண்ட்பாயிண்ட்டைச் சுட்டும். பாலிசியை நீக்கினாலும் எண்ட்பாயிண்ட் அப்படியே இருக்கும், அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். பட்டியல் விலை மணிக்கு 1.50 டாலர், 730 மணி நேர மாதத்துக்கு 1,095 டாலர். ஆய்வு செய்ய ஒரு பைட்கூட வராவிட்டாலும் இது ஓடும், வீட்டைக் காலி செய்துவிட்டு மோட்டாரை அணைக்காமல் போன மாதிரி. பாலிசிக்கு அடுத்து இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அந்த எண்ட்பாயிண்ட்டை வேறு பாலிசிகள் சுட்டவில்லை என்பது உறுதியான பிறகு.

கடைசியாக அனுமதிகள். பாக்கெட் மிரரிங் யூசர், பாக்கெட் மிரரிங் அட்மின் என்று இரண்டு ரோல்கள். பெயர்கள் கொஞ்சம் ஏமாற்றும்: பாலிசியை உருவாக்க, மாற்ற, நீக்க அனுமதிப்பது யூசர் ரோல், குறிப்பிட்ட மூலங்களை நகலெடுக்க அனுமதிப்பது அட்மின் ரோல். பழைய திட்டத்துக்காக யாருக்கெல்லாம் இவை கொடுக்கப்பட்டன என்று பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போன ஆலோசகரின் சர்வீஸ் அக்கவுண்ட் இன்னும் இந்த ரோலோடு இருப்பது பாலிசி இருப்பதை விட மோசம். கூடவே, புதிய மிரரிங் பாலிசி உருவானால் ஆடிட் லாக்கிலிருந்து ஒரு எச்சரிக்கை வரும்படி வைத்துவிடுங்கள். நியாயமான காரணத்துக்காக யாராவது போட்டால்கூட, டிஸ்கிரிப்ஷனில் குழுவின் பெயரும் எடுக்க வேண்டிய தேதியும் இல்லாமல் ரிவ்யூவில் விட வேண்டாம்.

அமேசானில் இருப்பவர்களுக்கு

அமேசான் வெப் சர்வீசஸில் இதே வசதி 2019-இல் விபிசி ட்ராஃபிக் மிரரிங் என்ற பெயரில் வந்தது. மேலே சொன்ன யோசனை முறை அங்கும் செல்லும், ஆனால் மூன்று இடங்களில் வழி பிரிகிறது.

அங்கே பாலிசி என்று ஒற்றைப் பொருள் கிடையாது. டார்கெட் (நகல் போகும் இடம்), ஃபில்டர் (வடிகட்டி), செஷன் (இவற்றை ஒரு இன்டர்ஃபேசோடு இணைப்பது) என்று மூன்று. நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றுக்கும் தனி செஷன் என்பதால் எண்ணிக்கை மளமளவென்று ஏறியிருக்கும். முதலில் செஷன்கள், அவை போன பிறகுதான் ஃபில்டரும் டார்கெட்டும் நீங்கும். நகல் விஎக்ஸ்லேன் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் சுற்றி அனுப்பும் முறை) உறைக்குள் யுடிபி 4789 போர்ட்டில் வருவதால் கலெக்டரில் டிசிபிடம்புக்கு அந்த போர்ட்டைக் கொடுத்தால் போதும், கண்டுபிடிப்பது கூகுளை விடச் சுலபம். நெட்வொர்க் போக்குவரத்தைப் பதியும் விபிசி ஃப்ளோ லாக்கை நம்பாதீர்கள், மிரர் செய்த போக்குவரத்து மூலத்தின் பக்கம் அதில் பதிவாவதில்லை.

செஷனை அணைத்து வைக்கும் பொத்தான் அங்கே இல்லை. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது: எந்த விதியும் இல்லாத காலி ஃபில்டர் ஒன்றை உருவாக்கி, செஷனைத் திருத்தி அந்த ஃபில்டருக்கு மாற்றுங்கள். விதி இல்லாத ஃபில்டர் எதையும் நகலெடுக்காது. பழைய ஃபில்டரின் ஐடியைக் குறித்து வைத்தால் திரும்பி வருவதும் ஒரு கட்டளைதான். ஆனால் செஷன் உயிரோடு இருக்கும் வரை இன்டர்ஃபேசுக்கு மணிக்கணக்குக் கட்டணம் ஓடும், ஆகவே காத்திருப்பைத் தேவைக்கு மேல் நீட்ட வேண்டாம். செஷன் எண்ணையும் கவனியுங்கள்: ஒரே இன்டர்ஃபேசில் பல செஷன் இருந்தால் சிறிய எண்ணிலிருந்து பார்க்கப்பட்டு, பொருந்தும் முதல் செஷனுக்கு மட்டும் பாக்கெட் போகும். முன்னால் நிற்பதைக் காலி ஃபில்டருக்கு மாற்றினால் அடுத்த செஷனின் கலெக்டருக்குப் போக்குவரத்து திரும்பும்.

யார் உருவாக்கியது என்று பார்க்க அமேசானின் ஆடிட் லாக்கான கிளவுட்ட்ரெயில் உண்டு, ஆனால் தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அதன் நிகழ்வு வரலாறு 90 நாள்தான். டார்கெட் வேறு கணக்கிலிருந்து, கணக்குகளுக்கு இடையே பகிர உதவும் ரிசோர்ஸ் ஆக்சஸ் மேனேஜர் வழியாகப் பகிரப்பட்டதாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கில் உள்ள டார்கெட்டை நீக்குவதற்கு முன் அது யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்று அந்த மேனேஜரின் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். பயன்படுத்தும் செஷன்கள் எல்லாம் அடுத்த கணக்கில் இருக்கும், உங்கள் திரையில் தெரியாது.